கருங்கல் கரையில் பெண் பார்த்தோம்

என் தம்பி வால்டருக்காக நான் ஏறி இறங்கிய வீடுகளில் எல்லாம் நடந்தது ஒன்றுதான். கேசரி வரும், பஜ்ஜி வரும், பெண் வந்து உட்காருவாள், இவன் வாயே திறக்க மாட்டான். கூச்ச சுபாவம் என்று நான் பல்லைக் காட்டிச் சமாளிப்பேன். கிளம்புகிற நேரம் பார்த்து அந்த வீட்டு அம்மியோ வாசற்படியோ இவன் கண்ணில் பட்டுத் தொலைக்கும். உடனே குனிந்து தடவிப் பார்த்து, அது எந்த மலையை உடைத்து வந்த கல், அதற்கு என்ன வயசு என்று பெண்ணின் அப்பாவிடம் ஆரம்பித்துவிடுவான். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டில் நாங்கள் தெருவில் இறங்குவதற்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள்.

வால்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அத்தனை உயரத்தில் தனியாக உட்கார்ந்து கடலைப் பார்த்துப் பார்த்து அவனுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. கடல் அரிப்பைத் தடுக்கக் காசிமேட்டுக்கு வடக்கே லாரி லாரியாகக் கருங்கல் கொட்டிக் கரை கட்டினார்களே, அப்போது கல் பைத்தியமும் சேர்ந்துகொண்டது. அந்தக் கல் இடுக்குகளில் செடி முளைத்ததும் பூப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு அந்தக் கற்களின் மேலேயே திருவொற்றியூர் வரை நடப்பான். ராயபுரத்தில் அவனுக்குக் 'கல்லு வால்டர்' என்றே பெயர். நாற்பத்தாறு வயசு ஆகிவிட்டது.

கல்யாணம் ஆகாததற்குக் கல் மட்டும் காரணமில்லை. என் புருஷன் தவறிப்போனபோது என் பெண்கள் இருவரும் சின்ன வகுப்பில் இருந்தார்கள். நான் விடிந்ததும் வேலைக்கு ஓட வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, தூங்காமல் அந்த இரண்டு தலைக்கும் எண்ணெய் வைத்து, சடை பின்னி, ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினவன் வால்டர்தான். கண்டெய்னர் தூக்குகிற கை அது, ஆனால் ஒரு முடியைக்கூட இழுக்காது. அந்தக் கழுதைகள் என்னிடம் தலையையே கொடுக்க மாட்டார்கள். இரண்டும் கல்யாணமாகி ஒன்று பெங்களூரு, ஒன்று கோயம்புத்தூர் என்று போய்விட்டன. இவன் மட்டும் என் வீட்டு மாடியில் கல்லும் தானுமாக நிற்கிறான்.

அப்போதுதான் எங்கள் தெரு ஜெபக் குழுவான அன்பியத்தின் கூட்டத்தில் ஒரு அம்மா டெபோராவைப் பற்றிச் சொன்னாள். திருவொற்றியூர்க்காரி, நாற்பத்தொரு வயசு, ரயில்வேயில் கூட்ஸ் வண்டிக்குக் கார்டு. அப்பா அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டதில் வயசு போய்விட்டது. இப்போது அண்ணன் மேத்யூ வீட்டில் இருக்கிறாள். பேச்சை ஆரம்பித்ததும் அவளே எனக்கு ஃபோன் பண்ணினாள்.

"ஹால்ல குந்த வச்சி பஜ்ஜி குடுக்கறதுலாம் எனக்கு ஆவாதுக்கா. உங்க தம்பி ஞாயித்துக்கெழமை கல்லு மேல நடப்பாராமே, நானும் அண்ணனும் அதுக்கு வர்றோம். நடந்து முடிச்சதும் அங்கயே பதில் சொல்லிட்றேன்."

எனக்குத் தலை சுற்றியது. இருந்தாலும் சரி என்றேன். தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் இந்த ஞாயிறு பதில் கிடைத்தால்தான் உண்டு. அதைவிடப் பெரிய கவலை, சனிக்கிழமை இவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது இவனே சொன்னது.

"க்கா, இத்தோட சரி. இது ஒத்து வரலன்னா இனிமே என்னை எந்த வூட்டுக்கும் இஸ்துகினு போவாத. எனக்கும் மனசுன்னு ஒண்ணு கீது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். மெதுவாகச் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது, இஸ்திரிப் பெட்டியை அவனிடம் தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

சும்மா இருக்க என்னால் ஆகுமா? ஞாயிறு காலை இரண்டு ஏற்பாடு செய்தேன். முதலாவது, பூசை முடிந்ததும் கோயில் எதிரே மல்லிப்பூ வாங்கினேன். சம்பந்தம் முடிவானால் மாப்பிள்ளையின் அக்காள்தான் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும். பூ தலையில் ஏறிவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் யாரும் மாற முடியாது. இரண்டாவது, காசிமேட்டில் மீன் விற்கிற மங்கையிடம் மீன் குடலும் செவுளும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். பறவை காட்டுகிறேன் என்று அழைத்துப் போய் ஒரு பறவையும் வராவிட்டால் தம்பியின் மானம் என்ன ஆவது? மீன் கழிவைப் பார்த்தால் கடல் பறவை எல்லாம் கூடிவிடும் என்று நினைத்தேன்.

"கவர் இல்ல ஃப்ளோரன்ஸ் அக்கா, தடை பண்ணிட்டானுங்க," என்று மங்கை அதை வாழை இலையில் மடித்து நாரால் கட்டிக் கொடுத்தாள். பூக்காரியும் வாழை இலையில் மடித்து நாரால்தான் கட்டியிருந்தாள். இரண்டையும் என் ஒயர் கூடையில் வைத்துக்கொண்டேன். எனக்கு நாலு நாளாக ஜலதோஷம், மூக்கு கல் மாதிரி அடைத்திருந்தது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டிக் கல் கரை தொடங்குகிற இடத்தில் அவர்கள் நின்றிருந்தார்கள். டெபோரா வெளிர் நீலச் சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக, தோளில் ஒரு பெரிய கைப்பையோடு நின்றாள். நெற்றியில் கொஞ்சம் நரை, அதை மறைக்கிற எண்ணமே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. மேத்யூ நல்ல பருமன். பெண் பார்க்கிற மரியாதைக்கு பாலிஷ் போட்ட தோல் ஷூவும் மடிப்பு கலையாத பேண்ட்டுமாக வந்திருந்தார். நான் மட்டும் என்ன, பட்டுப்புடவையும் ஹீல்ஸ் செருப்பும்!

"இது மேலயா நடக்கணும்?" என்றார் மேத்யூ. ஒவ்வொரு கல்லும் ஒரு பீரோ அளவு கிடந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக. வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள் தெரிந்தன.

"மேல வந்துட்டா ஈஸி சார்," என்றான் வால்டர். டெபோரா யார் கையையும் பிடிக்காமல் ஏறிவிட்டாள். நான் செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டு, மாதாவே என்று ஏறினேன். மேத்யூவை வால்டர் இழுத்து ஏற்றினான்.

பத்தடி போவதற்குள் மேத்யூ மூக்கை உறிஞ்சினார். "இன்னாவோ நாறுது."

"காசிமேட்டுக்கு வந்து மல்லிப்பூ வாசனையா வரும்?" என்றேன். சம்பந்தியிடம் இப்படிப் பேசக்கூடாது, வாய் முந்திக்கொண்டது.

வால்டர் ஒரு கல்லின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். "இந்தக் கல்லப் பாருங்க. நீலமும் கறுப்புமா, எண்ணெ தடவுன மாதிரி கீது பாருங்க. சார்னோகைட்னு பேரு. நம்ம பல்லாவரம் பக்கத்துக் கல்லு. கல்கத்தாவுல ஒரு வெள்ளைக்காரனுக்குக் கல்லறை கட்ட இத்தத்தான் இங்கேர்ந்து எடுத்துகினு போனாங்க. அப்புறம் அந்த ஆள் பேரையே கல்லுக்கு வச்சிட்டாங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில் கல்லறை! அன்னை மரியே, இவனை என்ன செய்ய?

"இதுக்கு இன்னா வயசு இருக்கும்?" என்று டெபோரா கேட்டாள்.

"எரநூத்தம்பது கோடி வருஷம்."

"அப்ப மாப்பிள்ளைக்கு ஒண்ணும் வயசாவல," என்றார் மேத்யூ. நான் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டேன். டெபோரா சிரிக்கவில்லை. வால்டர் உடைந்த சில்லு ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

அடுத்த கல்லில் கடுகு கடுகாகச் சிவப்புப் புள்ளிகள். "கார்நெட்டு," என்றான் வால்டர். "மோதிரத்துல வைக்கறாங்களே, அதே கல்லு."

ஆகா, மோதிரத்துக்கு வந்துவிட்டான், நல்ல சமயம் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆனா இது தேறாது. ரொம்பப் பொடி, நொறுங்கிப் பூடும்," என்று முடித்துவிட்டு அந்தச் சில்லையும் அவளிடம் கொடுத்தான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கொஞ்ச தூரத்தில் கல் இடுக்கில் ஒரு பிடி மண்ணில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்கியது ஒரு செடி. எனக்கே சந்தோஷமாக இருந்தது. "இது இன்னா பூ?" என்றாள் டெபோரா.

"இதுவா, சுடுகாட்டுப் பூ..."

"நித்தியகல்யாணின்னு சொல்லுடா!" என்று கத்தியேவிட்டேன். ஒரு நண்டு பயந்து கல்லுக்கடியில் ஓடியது. மேத்யூ கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

சரி, கல்லும் போச்சு, பூவும் போச்சு, பறவையாவது காப்பாற்றட்டும் என்று வானத்தைப் பார்த்தேன். நாலு காகம். தண்ணீரில் ஒரு நீர்க்காகம் முழுகிப் போனது, திரும்பி வரவே இல்லை. "இந்த சீசன்ல கடற்புறா வரும், ஆலா வரும்," என்று வால்டர் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு தவித்தான். "இன்னிக்குன்னு பார்த்து ஒண்ணத்தையும் காணோம்."

இதற்குத்தானே நான் வந்திருக்கிறேன்! மூவரும் கடலைப் பார்த்து நின்றபோது, பின்னால் நின்று கூடைக்குள் கையை விட்டு, பொட்டலத்தை எடுத்து, நாரை அவசரமாகத் தளர்த்தி, தலைக்கு மேலே ஓங்கி வீசினேன். பட்டுப்புடவையில் என் வயசில் அப்படி யாரும் வீசியிருக்க மாட்டார்கள். காகங்கள் கத்திக்கொண்டு வந்தன. அதற்குள் எங்கிருந்தோ ஒரு செம்பருந்து சரிந்து வந்து பொட்டலத்தைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு போயே போய்விட்டது. நெஞ்சு வெள்ளை, உடம்பு செங்கல் நிறம், அவ்வளவு கிட்டத்தில் நானும் பார்த்ததில்லை.

"பாத்தியா! பாத்தியா!" என்று வால்டர் குதித்தான். "செம்பருந்து! இப்ப கூடு கட்டற நேரம். யாரோ வீசின பொட்டலத்த எப்பிடி அள்ளிகினு போவுது பாருங்க!"

யாரோதான். நான் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் அந்த ஒரு பருந்தோடு சரி. அரை மணி நேரம் நடந்தும் வேறு பறவை வரவில்லை. ஆலாவும் கடற்புறாவும் உயிரோடு மீன் பிடிக்கிற ஜாதி, குடலுக்கு வராது என்று வால்டர் பின்னால் ஒருநாள் சொன்னான். முன்னாலேயே சொல்லியிருந்தால் மங்கையிடம் போயிருப்பேனா?

அங்கே வைத்துத்தான் மேத்யூ சறுக்கினார். பாசி பிடித்த கல்லில் தோல் ஷூ வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் இரண்டு கல் இறங்கிவிட்டார். அடி ஒன்றுமில்லை, ஆனால் பேண்ட் பின்னால் கிழிந்தது. ஒரு ஷூ கல் இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது. வால்டர் தலைகீழாகப் படுத்து அதை எடுத்துக் கொடுத்தான். கொடுக்கும்போதே, "நீங்க சறுக்குன கல்லு பாருங்க சார், இது வேற ஜாதி, வரி வரியா..." என்று ஆரம்பித்தான்.

"டெபோரா, போதும்மா. ரோட்டுல ஆட்டோ கெடைக்கும், வூட்டுக்குப் போவலாம்," என்றார் மேத்யூ. அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இத்தோட சரி என்று வால்டர் சொன்னது காதில் கேட்டது.

நான் வால்டர் பக்கத்தில் போய் அவன் முழங்கைச் சதையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினேன். "இன்னொரு தபா கல்லுன்னு சொன்ன, உன்னை இங்கயே கடல்ல தள்ளிடுவேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். சின்ன வயசில் அப்பா அடித்தால் அழாமல் பார்ப்பான், அந்தப் பார்வை. சரி என்று தலையாட்டினான்.

டெபோரா ஆட்டோவுக்குப் போகவில்லை. "இன்னும் கொஞ்ச தூரம்தானண்ணா," என்று முன்னால் நடந்தாள். வால்டர் வாயை மூடிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தான். நல்ல நல்ல கல்லெல்லாம் வந்தது. எனக்கே தெரிந்தது, ஒன்றில் பட்டை பட்டையாக வெள்ளை, ஒன்றில் மின்னுகிற தகடு. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மஞ்சள் நெருஞ்சிப் பூவைத் தாண்டிப் போனான். ஒரு குட்டி உள்ளான் பறவை வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்துக் கல்லிலேயே ஓடியது, அதையும் விட்டுவிட்டான். மரியாதையான மாப்பிள்ளையாக, கையைக் கட்டிக்கொண்டு நடந்தான். இப்படி ஒரு தம்பியைத்தானே நான் இத்தனை வருஷமாகக் கேட்டேன்? பார்க்கச் சகிக்கவில்லை.

டெபோரா சட்டென்று நின்று திரும்பினாள். "ஏன் பேச்ச நிறுத்திட்டீங்க?"

வால்டர் என்னைப் பார்த்தான். நான் எண்ணூர்ப் புகைபோக்கியைப் பார்த்தேன்.

"நீங்க கிள்ளினத நான் பார்த்தேன்கா," என்றாள் அவள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவள் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள். "கூட்ஸ் வண்டியில கடைசிப் பெட்டி என்னோடது. எனக்கும் டிரைவருக்கும் நடுவுல முழு வண்டியும் கீது. வாக்கி டாக்கில 'ரைட் மேடம்'னு ஒரு கொரல் வரும். ஒரு நாளைக்கு நான் கேக்கற பேச்சு அவ்ளோதான். வூட்டுக்கு வந்தா டிவி பேசும், அண்ணன் தூங்கும். காலைலேர்ந்து இவர் பேசினாரு, எனக்கு நல்லா இருந்திச்சி. நீங்க ஏன்கா கெடுத்தீங்க?"

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கு ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

"வண்டி வழியில நின்னா எறங்கி ஜல்லி மேல நடந்து வேகன் வேகனா பார்த்துகினு வரணும்," என்று அவள் வால்டரிடம் சொன்னாள். "இத்தனை வருஷமா அது மேல நடக்கறேன், ஒரு கல்லக்கூட குனிஞ்சு பார்த்ததில்ல. அது இன்னா கல்லு?"

வால்டர் மறுபடி என்னைப் பார்த்தான். "சொல்லேண்டா, கேக்குது இல்ல!" என்றேன்.

"அதுவும் இதே கல்லுதாங்க," என்றான். "பெரிசா வுட்டா கரை. சின்னதா ஒடச்சா ஜல்லி. நீங்க நடந்ததும் நான் நடந்ததும் ஒரே மலை."

சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் அவள் அதைக் கேட்டுக் கீழே குனிந்துகொண்டாள், எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மேத்யூவுக்கு மட்டும் புரியவில்லை. கிழிந்த இடத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு, "இன்னாவோ நாத்தம் நம்ம கூடவே வருது. காசிமேடு போயி எவ்ளோ தூரம் ஆச்சு?" என்றார்.

அதற்குப் பிறகு வால்டரை நிறுத்த முடியவில்லை. அவன் பேச, அவள் கேட்க, இருவரும் முன்னால் போய்விட்டார்கள். நானும் மேத்யூவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் தத்தித் தத்திப் போனோம். சாலையோர செல்ஃபோன் டவரின் உச்சியில் சுள்ளியால் ஒரு கூடு இருந்தது. வால்டர் பைனாகுலரை வைத்துப் பார்த்தான்.

"அதே செம்பருந்துதான். கூட்டுல இன்னாவோ வெள்ளையாத் தொங்குது. இந்தாங்க, பாருங்க."

டெபோரா பார்த்தாள். "பூ மாதிரி கீதே. மல்லிப்பூ."

"எதுனா சாவு ஊர்வலத்துல எடுத்திருக்கும்," என்றார் மேத்யூ. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றியது என்று கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

திருவொற்றியூரில் முதல் தூண்டில் வளைவு வந்தது. கடலுக்குள் கல்லைக் கொட்டி, கை நீட்டினது போல வளைத்துக் கட்டியிருப்பார்கள், அதுதான் தூண்டில் வளைவு. தெற்கிலிருந்து வருகிற மணலை அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அதனால் அதன் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மணல் மேடு. மேடு முழுக்க அடம்புக் கொடி பரவி, ஊதாப் பூ பூத்துக் கிடந்தது. கோதண்டம் என்கிற மீனவர் அங்கே உட்கார்ந்து வலை அறுந்த இடத்தைப் பின்னிக்கொண்டிருந்தார். வால்டரைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"இன்னா வால்டர் மாமு, இன்னிக்கு குடும்பத்தோட வந்துகினு கீற?"

"குடும்பமா, அது வந்து..." என்று வால்டர் திணறினான். அப்போதுதான் டெபோரா, "அங்க பாருங்க!" என்றாள்.

கடலுக்கு மேலே வெள்ளை வெள்ளையாக ஆலாக்கள். பத்து, ஐம்பது, எண்ணவே முடியவில்லை. நெத்திலிக் கூட்டம் வந்திருக்கிறது என்றார் கோதண்டம். ஒவ்வொன்றும் காற்றில் அப்படியே நின்று, இறக்கையை மடக்கித் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து, மீனோடு எழுந்தது. கடல் முழுக்க சொளக் சொளக் என்று சத்தம். யாரும் கூப்பிடாமல், யாரும் எதையும் வீசாமல், அதுவாக வந்தது. மேத்யூ நாத்தத்தை மறந்து, "அட, அட," என்று கையைத் தட்டினார். கைக்குட்டை கீழே விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"இத்தக் கொஞ்சம் பிடிங்க," என்று டெபோரா தன் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பைனாகுலரை வாங்கிக்கொண்டாள். பையை வாங்கினதும் என் கை தோளோடு இறங்கிவிட்டது. இரும்புக் கனம். ஜிப் பாதி திறந்திருந்தது. பார்க்கக்கூடாதுதான், பார்த்தேன். உள்ளே தண்ணீர் பாட்டில் ஒன்று, கர்ச்சீஃப் ஒன்று, மற்றதெல்லாம் கல். கல்லறைக் கல்லின் சில்லு. மோதிரத்துக்குத் தேறாத சிவப்புக் கல். வரிக் கல், மின்னுகிற கல். காலையிலிருந்து அவன் கையில் எடுத்துக் கொடுத்த ஒன்றையும் அவள் கீழே போடவில்லை. அத்தனை பாரத்தையும் தோளில் சுமந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்திருக்கிறாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? பையைக் கீழே வைத்தேன். கூடையில் கையை விட்டு மல்லிப்பூப் பொட்டலத்தை எடுத்தேன். "டெபோரா, திரும்பும்மா. நேரங்காலம்லாம் பார்க்க வேணாம், இப்பவே பூ வச்சிட்றேன்," என்று சொல்லிக்கொண்டே நாரை இழுத்து, இலையை விரித்து, அவள் முன்னால் நீட்டினேன்.

மீன் குடல்.

காலையிலிருந்து வெயிலில் ஊறிய மீன் குடலும் செவுளும். என் அடைத்த மூக்குக்கே சுரீர் என்று ஏறியது. மேத்யூ இரண்டடி பின்னால் போய், "நான் சொன்னேன் இல்ல! அப்பவே சொன்னேன் இல்ல!" என்று கத்தினார். கை நீட்டினது நீட்டினபடியே நின்றேன். மல்லிப்பூ எங்கே? நான் தலைக்கு மேல் வீசினது எது? டவர் உச்சியில் வெள்ளையாகத் தொங்கியது எது?

டெபோரா குடலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பி அந்த டவர் இருந்த திசையைப் பார்த்தாள். "அப்ப அந்தப் பொட்டலத்த வீசினது..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து ஒரு தடவைகூடச் சிரிக்காத பெண், கல்லைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணா, பருந்துக்குப் பூ வச்சிட்டாங்கண்ணா! பருந்துக்கு நிச்சயம் ஆயிடிச்சி!" மேத்யூவின் தொப்பை குலுங்கியது. வால்டர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றான்.

"குடும்மா இத்த, நண்டு வலைக்கு ஆவும்," என்று கோதண்டம் என் கையிலிருந்து இலையோடு வாங்கிக்கொண்டு போனார். நான் கடல் தண்ணீரில் கையைக் கழுவிக் கழுவி முகர்ந்தேன். அழுகையாக வந்தது. ஒரு பூ வைக்க எனக்குத் துப்பில்லை. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் குடலை நீட்டியிருக்கிறேன், இதை அபசகுனம் என்று நினைத்தால் என்ன செய்வேன்?

திரும்பிப் பார்த்தேன். டெபோரா மணலில் உட்கார்ந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்னலைத் தோளிலிருந்து எடுத்துப் பின்னால் விட்டாள்.

"இத்தினி பூ கீதே இங்க," என்று அடம்புக் கொடியைக் காட்டினாள். "வைங்க அண்ணி."

அண்ணி! காலையிலிருந்து அக்கா, அக்கா என்றவள், அண்ணி என்றாள். மேத்யூ தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பினார்.

நான் ஒரு கொடியைப் பறித்தேன். காம்பில் பால் வடிந்து பிசுபிசுத்தது. பூ நிற்கவில்லை, வைத்தால் சரிந்தது, மறுபடி வைத்தால் உதிர்ந்தது. "அதுலாம் மத்தியானத்துக்குள்ள வாடிடும்," என்றான் வால்டர். நான் முறைத்தேன். அவன் பேசாமல் வந்து என் பக்கத்தில் மண்டி போட்டு, மூன்று கொடியை எடுத்து, என் பெண்களின் தலையில் பின்னிய அதே கையால், பூ வெளியே தெரிகிற மாதிரி ஒரு சின்னப் பின்னலாகப் பின்னினான். ஒரு பூகூடக் கசங்கவில்லை. பின்னி முடித்து என் கையில் கொடுத்தான், வைக்க வேண்டியது நான்தானே. நான் அதை அவள் தலையில் சுற்றினேன். இந்தத் தடவை நின்றது.

அவள் கையால் தடவிப் பார்த்தாள். "யார் பின்னினது? நீங்களா?" என்றாள் அவனிடம். அவன் தலையை மட்டும் ஆட்டினான். முன்னால் கடல், காலடியில் கல், மேலே இன்னும் ஆலா விழுந்துகொண்டிருக்கிறது, என் தம்பிக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நானும் அவனைக் கிள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். வால்டர், டெபோரா என்று இரண்டு பெயரும் சேர்ந்து ஒலித்தபோது பூசை என்றும் பாராமல் நான் அழுதேன். வெளியே வந்ததும் மேத்யூ புதுப் பேண்ட்டில் வந்து, ஊரே கேட்கிற மாதிரி கேட்டார்.

"இன்னா ஃப்ளோரன்ஸ், மொதல்ல பூ வச்ச வூட்டுக்குப் பத்திரிகை வச்சாச்சா?"

"டவர் மேல ஏறணும் சம்பந்தி. உங்க தோல் ஷூவைப் போட்டுகினு வாங்க, ரெண்டு பேருமே போவலாம்," என்றேன்.